மடத்து வாயிலில் ஒருவர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகைத் துறந்து மடத்துக்குள் வாழும் கத்தோலிக்கத் துறவியருக்கு இணையத்தில் என்ன வேலை என்று கேட்டு வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை அண்மையில் தங்கள் நாளிதழில் படித்தேன். கதவை அடைத்துக்கொண்டு மறைவாக வேண்டுங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்க, அந்த வேண்டுதலை யூடியூப் நேரலையில் காட்டுவானேன், அருள்சகோதரிகளின் படங்கள் இன்ஸ்டாகிராமில் வலம் வருவானேன் என்று அவர் கேட்டிருந்தார். அவருடைய மனக்குறையில் பாதியை நானும் ஏற்கிறேன். மறுபாதியை ஏற்க முடியாதபடி என் சொந்த அனுபவம் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருப்பதால் கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் தாயார் படுத்த படுக்கையாக இருந்த இரண்டு ஆண்டுகளில் ஞாயிறு திருப்பலிக்குக்கூட என்னால் வெளியே செல்ல இயலவில்லை. அந்நாள்களில்தான் ஓர் அடைபட்ட மடத்தின் அருள்சகோதரிகள் உறங்கச் செல்லுமுன் ஒன்றுகூடிச் சொல்லும் இரவுச் செபத்தை நேரலையில் கேட்கத் தொடங்கினோம். திருப்பாடலின் ஒவ்வோர் அடியிலும் பாதியைச் சொல்லி, ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்தி, பிறகே மறுபாதியைத் தொடர்வது துறவியரின் நெடுநாள் வழக்கம். எனக்கு அது தெரியாது. முதல் நாள் இரவு, இணைப்பு நின்றுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை பக்கத்தைப் புதுப்பித்தேன். ஒரு வாரத்தில் அந்த இடைவெளி எங்களுக்குப் பழகிவிட்டது. அம்மாவும் அந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விடக் கற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமை இரவுக்கு உரியது 88ஆம் திருப்பாடல். புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியிலாவது நம்பிக்கையின் பக்கம் திரும்பிவிடும். இந்தப் பாடலோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. வலி கடுமையாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை அதைக் கேட்டுவிட்டு அம்மா, “இவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று அந்த மடத்தின் கதவு முழுவதுமாக அடைக்கப்பட்டிருந்தால் அந்த ஆறுதல் அவருக்குக் கிடைத்திருக்காது.

இது பெருந்தொற்றுக் காலத்தில் முளைத்த புதுப் பழக்கம் என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். தொலைவில் இருந்துகொண்டே ஒன்றுசேர்ந்து செபிப்பது துறவறத்துக்குப் புதிதன்று. அசிசி நகரப் புனித கிளாரா தம் வாழ்வின் கடைசிக் கிறிஸ்து பிறப்பு இரவில், 1252இல், நோயினால் எழ முடியாமல் கிடந்தபோது, தொலைவில் இருந்த ஆலயத்தில் நடந்த வழிபாட்டைத் தம் மடத்திலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. அதை நினைவில் வைத்தே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1958இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். லிசியே நகரக் கார்மேல் மடத்தில் 15 வயதில் நுழைந்து 24 வயதில் இறந்த புனித குழந்தை இயேசுவின் தெரேசா, மறைப்பணிக்கெனத் தம்மை அளித்த இரண்டு இளைஞர்களுக்குக் கடிதங்கள் வழியாகவே சகோதரியாக இருந்து அவர்களுக்காகச் செபித்தார். மடத்தை விட்டு எந்த மறைப்பணித் தளத்துக்கும் போகாத அவரைத்தான் திருஅவை 1927இல் மறைப்பணிகளின் பாதுகாவலர் ஆக்கியது. 1844இல் பிரான்சில், தொலைதேச மறைப்பணிக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்த இயேசு சபை மாணவர்களிடம், இப்போதைய படிப்பையும் அன்றாட வேலையையும் அந்தப் பணிக்காக ஒப்புக்கொடுங்கள் என்று அவர்களுடைய ஆன்ம வழிகாட்டி அருள்தந்தை கோத்ரெலே சொன்னார். அதில் பிறந்த செபக் கூட்டமைப்பே இன்று திருத்தந்தையின் உலகளாவிய செப வலையமைப்பாக வளர்ந்து, ‘கிளிக் டு ப்ரே’ என்னும் செயலியாகக் கைப்பேசிக்குள் வந்திருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 ஜனவரி 20 அன்று மூவேளைச் செப உரையின்போது அதில் தமக்கென ஒரு பக்கத்தை மக்கள் முன்னிலையிலேயே தொடங்கி வைத்தார்.

இணையத்துக்குள்ளும் துறவியர் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் அல்லர். வத்திக்கானின் இணையதளம் 1995இல் உருவானபோது அதன் தொழில்நுட்பப் பணியை முன்னின்று நடத்தியவர் பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த அருள்சகோதரி ஜூடித் ஸோபலைன். நியூ மெக்சிகோவின் வறண்ட பள்ளத்தாக்கில் வாழும் பெனடிக்டின் துறவியர், மின் கம்பி எட்டாத தங்கள் மடத்தில் சூரிய மின்சாரத்தைக் கொண்டே 1990களின் நடுவில் இணையப் பக்கங்களை வடிவமைத்தார்கள். அயர்லாந்து இயேசு சபையினர் 1999இல் தொடங்கிய ‘சேக்ரட் ஸ்பேஸ்’, கணினியின் முன் அமர்ந்திருக்கும் ஒருவரைப் பத்து நிமிடம் செபத்தில் அமர்த்துவதற்காகவே ஏற்பட்டது. ஓர் அலுவலக இடைவேளைக்குள் அடங்கும் அந்தப் பத்து நிமிடம், எந்தச் சூழலிலும் கடவுளைக் கண்டுகொள்ளலாம் என்ற, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் பயிற்சியிலிருந்து நேராக வந்தது. அதைத்தான் நான் ஒரு சபையின் தனிவரம் என்பேன். திரையின் மூலையில் சபையின் இலச்சினை இல்லாவிட்டாலும், இது இயேசு சபையினர் செய்தது என்று தெரிந்தவர்கள் கண்டுகொள்வார்கள்.

எல்லைகளும் தெளிவாகவே வகுக்கப்பட்டிருக்கின்றன. 1963 டிசம்பர் 4 அன்று, ஒரே நாளில், உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டையும் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏட்டையும் வெளியிட்டது. திருவழிபாட்டு ஏட்டின் 20ஆம் எண், வானொலி, தொலைக்காட்சி வழியாக வழிபாடு பரப்பப்படும்போது அது அடக்கத்தோடும் மாண்போடும், ஆயர்கள் அமர்த்திய தகுதியுள்ள ஒருவரின் பொறுப்பில் நடைபெற வேண்டும் என்று கேட்கிறது. 2002இல் வத்திக்கானின் சமூகத் தொடர்பு அவை, இணையத்தில் திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருளடையாளங்கள் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியது. ஆகவே நேரலைத் திருப்பலியின்போது, நற்கருணையை நேரில் பெற முடியாத நாம் சொல்லும் ஆன்ம நற்கருணைச் செபம் ஏக்கத்தின் செபம். நற்கருணை உட்கொள்வதற்கு அது ஈடாகாது. துறவியர் நாளின் வேளைதோறும் திருப்பாடல்களைக் கொண்டு சொல்லும் திருப்புகழ்மாலையின் நிலை சற்று வேறு. அது சொற்களாலும் மூச்சாலும் ஆன செபம் என்பதால் தொலைவைத் தாண்டி வந்து சேர்கிறது. அப்போதும் முழுமையாக வந்து சேர்வதில்லை. பாடகர் இருக்கைகளில் எதிரெதிரே நின்று இரு பிரிவாக மாறி மாறிச் சொல்லும் திருப்பாடலைச் சூம் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒருவர் குரல் மற்றவரை அடைவதற்குள் நேரும் சிறு தாமதத்தால் எல்லாக் குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். கடைசியில் ஒருவர் மட்டும் சொல்ல, மற்றவர்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு வாய்க்குள் முணுமுணுக்க வேண்டியதாகிறது. அருகில் நிற்பவரின் மூச்சைக் கேட்டுத் தன் மூச்சைச் சரிசெய்துகொள்ளும் பழக்கம் ஒரே கூரையின் கீழ் மட்டுமே வாய்க்கிறது. ஒரு துறவியர் குழுமத்தை ஆண்டுக்கணக்கில் ஒன்றாக்கி வைப்பது பெரும்பாலும் அந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன்.

இனி, அந்த வாசகரின் குறையில் நான் ஏற்கும் பாதியைச் சொல்கிறேன். அம்மாவின் நோய் முற்றிய நேரத்தில் வேறொரு சபையின் இணையதளத்தில் ‘உங்கள் செப விண்ணப்பத்தை எங்களுக்கு அனுப்புங்கள்’ என்ற படிவத்தைக் கண்டேன். நள்ளிரவு தாண்டியிருந்தது. அம்மாவின் பெயர், நோயின் பெயர், மருத்துவர் அன்று கைவிரித்தது, என் உடன்பிறந்தவர்களுக்குள் அதையொட்டி எழுந்த பிணக்கு எல்லாவற்றையும், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்வதுபோல எழுதி அனுப்பினேன். மறுநாள் மாலை அந்தச் சபையின் நேரலைச் செபமாலையில் அது வரி விடாமல் வாசிக்கப்பட்டது. ஊரின் பெயரும் சேர்ந்து வந்தது. வாசித்தவரின் குரலில் இரக்கம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. தீய எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. ஆனால் உறவினர் ஒருவர் அந்த நேரலையைப் பார்த்துவிட்டுக் காணொளியின் இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அம்மாவுக்கு நாங்கள் சொல்லாமல் வைத்திருந்த செய்தி, அவரைப் பார்க்க வந்த ஒருவர் வாயிலாக அவருக்குத் தெரியவந்தது.

இதைப் பழி தீர்க்கும் எண்ணத்தில் எழுதவில்லை. அதனால்தான் அந்தச் சபையின் பெயரைக் குறிப்பிடவில்லை. துறவியரின் இணையப் பணியில் எது விட்டுப்போயிருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது அந்த நாள்தான். மடத்துத் துறவியருக்காகப் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூலில் 66ஆம் அதிகாரம் மடத்தின் வாயிற்காவலரைப் பற்றியது. விவேகமுள்ள முதியவர் ஒருவரை வாயிலில் வைக்க வேண்டும். ஒரு செய்தியை வாங்கிக்கொள்ளவும் மறுமொழி சொல்லவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்குமிங்கும் அலையாத பக்குவம் அவருக்கு வேண்டும். யாராவது தட்டினாலோ ஏழை ஒருவர் கூப்பிட்டாலோ உடனே கடவுளுக்கு நன்றி சொல்லி, கனிவோடு பதில் தர வேண்டும். அடுத்த அதிகாரம், வெளியே பயணம் போய்த் திரும்பும் சகோதரர், அங்கே கண்டதையும் கேட்டதையும் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது என்கிறது. ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படித்தால், மின்னஞ்சல் பெட்டியையும் செப விண்ணப்பப் படிவத்தையும் கவனிக்கும் பொறுப்புக்கு எப்படிப்பட்டவர் வேண்டும் என்பது விளங்கும். பல சபைகளில் இந்தப் பொறுப்பு, கணினி நன்றாகத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக மிக இளையவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. சில இடங்களில் வெளியாள் ஒருவரிடமே விடப்படுகிறது. கேமராவை யார் இயக்கினாலும் சரி. கதவைத் தட்டுகிறவர் சொல்வதைக் கேட்க வேண்டியவர், பிறர் துயரத்தைக் கேட்டுப் பழகியவராக இருக்க வேண்டும்.

இதைச் சரியாகச் செய்யும் மடங்கள் இருப்பதும் எனக்குத் தெரியும். நாங்கள் இரவுச் செபம் கேட்ட மடத்துக்கு, அம்மா இறந்த செய்தியை எழுதினேன். இரண்டு நாளில் மூன்று வரியில் பதில் வந்தது. அம்மாவின் திருமுழுக்குப் பெயரை மட்டும் கேட்டிருந்தார்கள். நேரலையில் அந்தப் பெயர் ஒருநாளும் ஒலிக்கவில்லை. அது எங்கே, எப்போது சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியாது; தெரியாமல் இருப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அடையாளம் என்ற சொல்லைத் துறவற சபைகள் இப்போது அடிக்கடி பயன்படுத்துகின்றன. இணையத்தில் நம் சபையின் அடையாளத்தை நிலைநாட்ட வேண்டும் என்று பயிற்சி முகாம்களில் பேசப்படுகிறது. பத்துச் சபைகளின் பக்கங்களை அடுத்தடுத்துத் திறந்து பாருங்கள். சபை நிறுவுநரின் படம், யூபிலி விழாக் காணொளி, இல்லத் தலைவியின் பிறந்தநாள் வாழ்த்து, மலர்ப் பின்னணியில் ஓர் இறைவார்த்தை என்று எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கும். சபைப் பெயரை மறைத்துவிட்டால் ஏழ்மையைத் தேடிய அசிசியாரின் பிள்ளைகளான பிரான்சிஸ்கன் சபையினர் யார், மௌனத்தைத் தேடிய கார்மேல் சபையினர் யார், மறையுரைக்கென்றே பிறந்த தொமினிக்கன் சபையினர் யார் என்று பிரித்தறிய முடியாது. அச்சும் ஊடகமுமே தங்கள் நற்செய்திப் பணி என்று 1914இலும் 1915இலும் அருளாளர் ஜேம்ஸ் அல்பெரியோனே தொடங்கிய புனித பவுல் சபைகளுக்கு இணையம் சொந்த வயல். ஆனால் எல்லாரும் அந்த வயலில் ஒரே பயிரை விதைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு கார்மேல் மடத்தின் பக்கத்தில் செப நேரங்களும், கதவைத் தட்டுவதற்கான ஒரு மின்னஞ்சல் முகவரியும் மட்டும் இருந்தாலே, அது கார்மேல் மடம் என்பது எனக்கு விளங்கிவிடும்.

இந்த அடையாள ஆர்வத்தில் எனக்கு மிகுந்த கவலை தருவது, துறவறப் பயிற்சியின் தொடக்க நிலையில் இருக்கும் நவதுறவியரின் முகங்கள். இறையழைத்தல் காணொளிகளில் பெரும்பாலும் அவர்களே முன்னால் நிறுத்தப்படுகிறார்கள். இளமை, புன்னகை, அண்மையில்தான் உடுத்திய துறவற உடை என எல்லாம் படத்துக்கு ஏற்றவை. ஆனால் நவதுறவு என்பது சோதித்து அறியும் காலம். குறைந்தது பன்னிரண்டு மாதம் நீடிக்க வேண்டிய அந்தக் காலத்தில் ஒருவர் எப்போது வேண்டுமானாலும் தடையின்றி விலகலாம் என்று 1983ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத்தொகுப்பு 653ஆம் சட்டத்தில் உறுதி தருகிறது. ‘நான் ஏன் துறவியானேன்’ என்று கேமராவின் முன் சொல்லி, அதை ஆயிரக்கணக்கானோர் பார்த்த பிறகு, விலகலாமா என்று அமைதியாகத் தன்னையே கேட்டுக்கொள்ளும் சுதந்திரம் ஓர் இருபது வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு மிஞ்சும்? விலகிச் சென்றவரை அந்தக் காணொளி வேலைக்கும் திருமணத்துக்கும் பின்தொடராதா? துறவற வாக்குறுதியான முதல் வார்த்தைப்பாட்டைக் கொடுக்கும்வரை எந்த நவதுறவியின் முகமும் சபையின் இணையப் பக்கத்தில் வராது என்று ஒவ்வொரு சபையும் முடிவெடுத்தால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை. சமயம், ஒழுக்கம் பற்றிய நூல் எழுதும் துறவி தம் உயர்தலைவரின் அனுமதி பெற வேண்டும் என்று அதே சட்டத்தொகுப்பின் 832ஆம் சட்டம் கேட்கிறது. எழுத்துக்கு இத்தனை கவனம் இருக்கும்போது, முகத்தையும் வாழ்க்கைக் கதையையும் வெளியிடுவதற்கு முன் ஒரு நாளாவது யோசிக்க வேண்டாமா?

நேரலை நடத்தும் இல்லங்களுக்கு இன்னும் சில வேண்டுகோள்கள். கேமராவை ஓர் இடத்தில் நிறுத்திவிடுங்கள். கண்மூடிச் செபிக்கும் சகோதரியின் முகத்தை நெருங்கிப் போய்க் காட்டும் காட்சி என்னைச் செபத்திலிருந்து வெளியே தள்ளி, பார்வையாளராக்கிவிடுகிறது; அவரையும் நாளடைவில் தம் முகத்தைப் பற்றி எண்ண வைக்கும் என்று அஞ்சுகிறேன். நற்கருணை ஆராதனையின்போது பக்கவாட்டில் ஓடும் கருத்துரைகளையும், மிதந்து எழும் இதயக் குறிகளையும் அணைத்துவிட வழி இருக்கிறது. மௌனம் வரும் இடத்தில் பின்னணி இசையை நிரப்ப வேண்டாம். புனித பெனடிக்ட் 52ஆம் அதிகாரத்தில், பொதுச் செபம் முடிந்ததும் எல்லாரும் ஓசையின்றி வெளியேற வேண்டும், தனியாக வேண்டிக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு மற்றவரின் ஓசை இடையூறாகிவிடக் கூடாது என்கிறார். அந்த ‘ஒருவர்’ இப்போது படுக்கையருகில் கைப்பேசியோடு அமர்ந்தும் இருக்கலாம். காணிக்கைக்கான கியூஆர் குறியீடு செபம் நடக்கும் நேரம் முழுவதும் திரையில் இருக்க வேண்டியதில்லை. துறவியரின் பெயரிலும் படத்திலும் போலிக் கணக்கு தொடங்கிப் பணம் கேட்பவர்கள் பெருகியிருப்பதால், காணிக்கை பற்றிய செய்தியைச் சபையின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வைப்பதே எல்லாருக்கும் பாதுகாப்பு.

துறவியர் தங்களுக்குள்ளும் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் தியான வாழ்வு வாழும் பெண் துறவியருக்காக வெளியிட்ட ஏடு, இணையத்தின் பயனை ஒப்புக்கொள்கிறது. கூடவே, அது காலத்தை வீணாக்கவும், உடன் வாழும் சகோதரிகளிடமிருந்து தப்பித்து ஒளிந்துகொள்ளவும் இடம் தந்துவிடாதபடி தேர்ந்து தெளிய வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த நடைமுறை விதிகள், பார்ப்பவை எத்தகையவை என்பதோடு எவ்வளவு பார்க்கிறோம் என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. வெளியே ஆயிரம் பேரோடு செபிக்கும் ஓர் இல்லத்தில், அடுத்த அறைச் சகோதரியின் மௌனத்துக்குக் காரணம் கேட்க ஆளில்லாமல் போவது நடக்கக்கூடியதே. 2023 மே 28 அன்று வத்திக்கானின் தகவல் தொடர்புத் துறை வெளியிட்ட ஏடு, சமூக ஊடகத்தில் இருப்பவர்களுக்கு நல்ல சமாரியரின் உவமையை எடுத்துக் காட்டியது. வழியில் அடிபட்டுக் கிடந்தவரை அவர் சாவடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். காயங்களை ஊருக்கு எடுத்துச் சொன்னதாக நற்செய்தியில் இல்லை.

ஆகவே, மடங்கள் இணையத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற அந்த வாசகரின் முடிவோடு நான் உடன்படவில்லை. வெளியே போக முடியாமல் படுக்கையருகே இரவைக் கழிப்பவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். தட்டுகிறவர் சொல்வதை வாங்கி, உள்ளே கொண்டுபோய்ச் செபத்தில் வைத்துவிட்டு, வெளியே ஒரு சொல்லும் சிந்தாமல் திரும்பி வரும் ஒருவர் அந்த வாயிலில் இருக்க வேண்டும். விண்ணப்பப் படிவம் வைத்திருக்கும் ஒவ்வொரு சபையும், இந்த விண்ணப்பத்தை யார் படிப்பார், எங்கே சொல்வார், எத்தனை நாள் வைத்திருப்பார் என்பதை அந்தப் படிவத்திலேயே இரண்டு வரியில் எழுதிவைத்தால் போதும்.

அம்மாவின் நோயை வாசித்த அந்தக் காணொளி இன்னும் இணையத்தில் இருக்கிறது. அதை நீக்கித் தருமாறு சென்ற வாரம் இரண்டாவது முறையாக எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி ஒருத்தி